எட்டு மாதக் குழந்தை தானே எடுத்து உண்ண எவற்றைக் கொடுக்கலாம்?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்து பத்து நாள்கள் ஆகின்றன. ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், வேகவைத்த காய்கறி ஆகியவற்றை மிக்ஸியில் அரைத்துக் கரண்டியால் ஊட்டி வந்தோம். கடந்த இரண்டு வாரங்களாகக் கரண்டி அருகே வந்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஆனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் தவழ்ந்து வந்து, தட்டில் கைவைத்து, அகப்பட்டதை அள்ளி வாயில் போடப் பார்க்கிறாள். தானே எடுத்து உண்ணும் ஆசை அவளுக்கு வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற வாரம் கேரட்டை வட்ட வட்டமாக நறுக்கி வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டாவது துண்டை வாயில் போட்டதும் குமட்டி, இருமி, முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, துண்டு வெளியே விழுந்தது. சற்று நேரத்தில் அவள் சிரித்து விளையாடத் தொடங்கிவிட்டாள். ஆனால் அருகில் இருந்த என் மாமியார் நடுங்கிப்போய்விட்டார். பல் முளைக்காத பிள்ளைக்குத் துண்டாக எதையும் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அவருடைய அச்சத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மகளை அரைத்த உணவிலேயே நிறுத்தி வைக்கவும் மனம் ஒப்பவில்லை.

நம் வீட்டுச் சமையலிலிருந்தே எவற்றைக் கொடுக்கலாம், எப்படி நறுக்க வேண்டும், உப்புச் சேர்த்த இட்லி மாவை என்ன செய்வது, முட்டையும் நிலக்கடலையும் இப்போதே கொடுக்கலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கோயம்புத்தூர், இரண்டு குழந்தைகளின் தாய்

தங்கைக்கு வணக்கம். உங்கள் மகள் கரண்டியை மறுப்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். என் மூத்தவனுக்குப் பதினோரு மாதம் வரை எல்லாவற்றையும் அரைத்தே ஊட்டினேன். அதன் பிறகு ஒரு பருக்கை சோறு நாக்கில் பட்டாலும் துப்பிவிடுவான், அதை மாற்ற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வருத்தத்தினால்தான் இளையவளுக்கு ஏழாம் மாதத்திலேயே துண்டுகள் கொடுக்கத் தொடங்கினேன். எட்டு மாதமானால் பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்து உண்ணக்கூடியவற்றை உண்ண முடியும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் ஆகும். பல் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். மென்மையான உணவை ஈறுகளாலேயே நசுக்கிவிடுவார்கள். கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும், அதுவரை நாம் காத்திருக்க முடியாது அல்லவா?

நான் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டிருந்தேன். வெந்த துண்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்தினால் குழைந்துவிட வேண்டும். குழையாவிட்டால் அது மீண்டும் இட்லிப் பானைக்குள் போய்விடும். அடுத்தது வடிவம். இந்த வயதில் பல குழந்தைகள் உள்ளங்கை முழுவதையும் மூடித்தான் எதையும் பிடிக்கிறார்கள். ஆகையால் துண்டு நம் சுண்டுவிரல் நீளம் இருந்தால், பாதி கைக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்கும். வெளியே நிற்பதைக் கடித்து உண்பார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பருக்கையை எடுக்கும் பக்குவம் ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்தில் வரும். அப்போது துண்டுகளைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த கேரட்டில் தவறு காயில் இல்லை, வட்டத்தில்தான் இருக்கிறது. காசு போன்ற துண்டு தொண்டையை அப்படியே மூடிவிடக்கூடியது. அதையே நீளவாக்கில் நறுக்கி, இன்னும் சற்று நேரம் வேகவைத்துக் கொடுங்கள்.

முதலில் மஞ்சள் பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஆவியில் வெந்தால் வெண்ணெய் போல் குழையும், இயல்பாகவே இனிக்கும். கிழங்கு சற்று வறட்சியாக இருப்பதால் அதன்மேல் நெய் தடவிக் கொடுப்பேன். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்காமல், தோலுரித்து நுனியில் விரலால் மெல்ல அழுத்தினால் அது நீளவாக்கில் தானாகவே மூன்றாகப் பிரியும். கையில் வழுக்குகிறது என்றால் பொட்டுக்கடலை மாவில் புரட்டிக் கொடுங்கள், பிடிப்பு கிடைக்கும். பழுத்த பப்பாளிக்கும் மாம்பழத்திற்கும் இதே முறைதான்.

இட்லியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பதால், மாவை அரைத்து உப்புப் போடும் முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்துப் புளிக்க வைத்துவிடுவேன். நம் ஊர் வெப்பத்தில் உப்பில்லாமலும் மாவு நன்றாகவே பொங்குகிறது. அந்த இட்லியை நீளமாக நறுக்கி, பருப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். நனைக்காமல் கொடுத்தால் சில வேளைகளில் வாய்க்குள் உருண்டையாகத் திரண்டுகொள்ளும். பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்துச் சீரகம் சேர்த்து அரைத்து ஊற்றிய தோசை என் மகளுக்கு மிகவும் பிடித்த காலை உணவாக இருந்தது. கேழ்வரகு அடை ஆறினால் இறுகிவிடும். அதனால் மாவில் மசித்த பூசணியையும் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையையும் சேர்த்துப் பிசைந்து சுட்டால் நெடுநேரம் மென்மையாக இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அந்தச் சிறு உழைப்பு வீண்போகாது.

கடை பிஸ்கட்டையும் ரஸ்கையும் அக்கம்பக்கத்தில் அன்பாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மகளுக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும்தான்.

மறுமொழி: குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலியர், திருச்சி

சகோதரி, உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவருக்கு நீங்கள் பொறுமையாக விளக்க வேண்டியது ஒன்று உண்டு: குமட்டுவது வேறு, மூச்சு அடைப்பது வேறு. குழந்தைகளுக்குக் குமட்டலைத் தூண்டும் இடம் பெரியவர்களைவிட நாக்கின் முன்பகுதியிலேயே இருக்கிறது. பெரிய துண்டு தொண்டையை அடைவதற்கு முன்பே உடல் அதை வெளியே தள்ளிவிடும். அப்போது இருமல் வரும், ஓசை வரும், முகம் சிவக்கும். நீங்கள் விவரித்தது இதுதான். மூச்சு அடைத்துவிட்டாலோ ஓசையே இருக்காது. அழவும் முடியாது, இருமவும் முடியாது. உதடும் நாக்கும் நீலம் பாய்ந்துவிடும். அதனால்தான் குழந்தை உண்ணும்போது ஒருவர் எதிரில் அமர்ந்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அடுக்களையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது.

நியூசிலாந்தில் 206 குழந்தைகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், பாதுகாப்பான முறையைக் கற்றுக்கொடுத்த பெற்றோரின் குழந்தைகள் தாமாகவே எடுத்து உண்டபோது, கரண்டியால் ஊட்டப்பட்ட குழந்தைகளைவிட அவர்களுக்கு மூச்சு அடைப்பு அதிகமாக ஏற்படவில்லை என்று கண்டறிந்தார்கள். அதே ஆய்வில், இரண்டு பிரிவிலும் பல குழந்தைகளுக்கு ஆபத்தான உணவுகள் கொடுக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. ஆகவே எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். முழு நிலக்கடலை, சுண்டல், பட்டாணி, முறுக்கு, தேங்காய்த் துண்டு, பச்சைக் கேரட், முழுத் திராட்சை ஆகியவை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுக்கலாம். உங்கள் ஊரில் நுங்கு தாராளமாகக் கிடைக்கும். வழுவழுப்பான முழுச்சுளை நேராகத் தொண்டைக்குள் நழுவக்கூடியது, மசித்தே கொடுங்கள். சீதாப்பழம், சப்போட்டா ஆகியவற்றின் விதைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். தேன் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

உண்மையாகவே மூச்சு அடைத்துவிட்டால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை உடலைவிடத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். துண்டு வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வெளிவரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, அருகில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் அழுத்தவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விடவும் கூடாது, அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். இதை ஒரு செவிலியரிடம் நேரில் செய்து காட்டச் சொல்லி நீங்களும் மாமியாரும் கற்றுக்கொள்ளுங்கள்.

முட்டையை இப்போதே தாராளமாகக் கொடுக்கலாம். மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் ஒட்டும் என்பதால், நன்றாக வெந்த ஆம்லெட்டாகச் செய்து பட்டை பட்டையாக நறுக்குவது எளிது. நிலக்கடலையைப் பொறுத்தவரை, கடும் தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையின் எண்ணத்தையே மாற்றியது: முதல் ஆண்டிலேயே கடலையை உண்ணத் தொடங்கிய குழந்தைகளுக்கு, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. வறுத்து நைசாகப் பொடித்து, முதலில் சிறிதளவு கூழில் கலந்து கொடுங்கள். உங்கள் மகளுக்குக் கரப்பான் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்திற்கே போதுமானது. எனவே பழமும் கிழங்கும் மட்டும் கொடுத்து நிறுத்திவிடாமல், முள் நீக்கிய மீன், குழைய வேகவைத்து உதிர்த்த கோழிக்கறி, வாரம் ஒருமுறை சிறிதளவு ஈரல் ஆகியவற்றையும் சேருங்கள். சைவ வீடுகளில் பருப்பும் கீரையும் கொடுக்கும்போது ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ கொய்யாப் பழமோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சுறாப் புட்டை மட்டும் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள், சுறாவில் பாதரசம் மிகுதி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மறுமொழிகளையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். குமட்டலுக்கும் அடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நேற்று அவரே மஞ்சள் பூசணியை ஆவியில் வேகவைத்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மகள் ஒரு துண்டை உண்டாள், மூன்று துண்டுகளைத் தரையில் தேய்த்தாள். இப்படியே போனால் எடை குறைந்துவிடுமோ என்பதுதான் இப்போது எங்கள் இருவரின் கவலையும்.

மறுமொழி: நாகர்கோவில், ஒரு பாட்டி

மகளே, உன் மாமியார் பூசணியைத் தம் கையால் எடுத்துக் கொடுத்தார் என்று படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நானும் அவரைப் போல அஞ்சியவள்தான். எங்கள் வீட்டில் ஏத்தங்காயைக் காயவைத்துப் பொடித்துக் குறுக்கிக் கொடுப்பதே வழக்கம்; என் பேரனுக்கு மருமகள் ஏத்தம்பழத்தை ஆவியில் வேகவைத்து, நடுவிலுள்ள கறுப்பு நாரை எடுத்துவிட்டு நீளமாகக் கையில் கொடுத்தபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் அதைச் சப்பி, நசுக்கி, உண்டு முடித்ததைப் பார்த்த பிறகுதான் மனம் தேறியது.

எடைக்காக நீ அஞ்ச வேண்டாம். தாய்ப்பாலைக் குறைக்காதே. கையில் கொடுப்பதோடு, பருப்புச் சாதத்தை அரைக்காமல் கையால் நன்றாக மசித்து நெய் விட்டு ஊட்டு. இரண்டும் ஒரே வேளையில் நடக்கலாம். அவள் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு நீ இன்னொன்றால் ஊட்டினால் பல நாள்கள் வாய் திறப்பாள். இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும், ஒன்பது மாதம் ஆனதும் நான்காக்கிக்கொள். வாயைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளையை அத்துடன் விட்டுவிடு, துரத்தி ஊட்டாதே.

நீங்கள் உண்ணும் நேரத்திலேயே அவளையும் நிமிர்ந்து உட்கார வைத்து, கைகழுவி, நகம் வெட்டி, கீழே துவைத்த பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடு. விழுந்ததை எடுத்து மறுபடி கொடுக்கலாம். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறித்துவரச் சொல். ஆறு மாதம் கடந்த பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை இரும்புச் சத்து மருந்து கொடுக்கும் திட்டம் இருக்கிறது, அதையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்.