மழை பிடித்ததிலிருந்து தலைவாசல் கதவு சாத்த முடியவில்லை, அவசரம்

குடியாத்தம்_பேரன்
தாத்தா காலத்து வீடு, ரெட்டைக் கதவு. புரட்டாசியில் பழைய பெயின்டை எல்லாம் சுரண்டிவிட்டுப் பாலிஷ் போட்டோம், பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை வந்ததும் வலது கதவு இடிக்கிறது, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்துகிறது. ஆசாரி வந்து ஓரத்தை இழைத்துவிட்டுப் போனார், 10 நாளில் மறுபடி அதே கதை. தையில் தங்கச்சி கல்யாணம். என்ன செய்யலாம்?

ஆற்காட்டு_உளி
என்ன மரம்? கீலா, இல்லை மேலும் கீழும் முளை வைத்துக் குழியில் சுழலும் குடுமியா? எங்கே இடிக்கிறது, மேலேயா கீழேயா? படம் போடுங்கள் தம்பி.

சத்துவாச்சாரி_சார்
மரம் ஊறியிருக்கிறது, வேறென்ன. இழைத்ததுதான் தப்பு. சித்திரையில் காய்ந்ததும் பாருங்கள், விரல் நுழைகிற சந்து விழும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

நிலைவாசல்
வருடா வருடம் ஐப்பசியில் யாராவது இதையே கேட்கிறீர்கள், பழைய இழைகளைப் படிக்கும் வழக்கமே கிடையாது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஏறி இறங்கும். இது அடிப்படை. கதவின் தலையிலும் அடியிலும் பாலிஷ் போட்டீர்களா? அந்த வெட்டுமுகம்தான் ஈரத்தை உறிஞ்சும். முகத்துக்கு மட்டும் பவுடர் பூசினால் போதாது.

குடியாத்தம்_பேரன்
தேக்கு என்று அப்பா சொல்வார், பர்மா தேக்காம். என்ன பாலிஷ் என்று தெரியவில்லை, கடைக்காரர் கொடுத்தது. அடியில் போடவில்லை, கதவைக் கழற்றவே இல்லையே.

நிலைவாசல்
தாத்தா வீட்டுக் கதவு என்றாலே எல்லோருக்கும் பர்மா தேக்குதான். வேம்பாகக்கூட இருக்கும்.

பேரணாம்பட்டு_அக்கா
படம்கூடப் பார்க்காமல் வேம்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டுக் கதவு தேக்குதான், சுரண்டினால் இன்றைக்கும் அந்த எண்ணெய் வாசனை வரும். தம்பி, ஒரு விஷயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், இனிமேல் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருந்தால் அந்தத் தூள் ஆகாது.

சத்துவாச்சாரி_சார்
பாலிஷே வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள்.

நிலைவாசல்
மழை அடிக்கிற வாசலுக்கு எண்ணெய் மட்டும் எத்தனை நாள் நிற்கும் சார்? பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு போடச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_சார்
பி.யு. உரிந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் மேலேயே இன்னொரு கை.

பேரணாம்பட்டு_அக்கா
எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஆற்காட்டு_உளி
சண்டை அப்புறம். தம்பி, கீலா குடுமியா என்று இன்னும் சொல்லவில்லை. குடுமி என்றால் இதைப் பாருங்கள்: கீழ்க்குழி தேய்ந்தால் கதவு அப்படியே இறங்கி அடி முழுக்க உரசும், மேல்குழி தேய்ந்தால் நடுப்பக்கமாகச் சாயும், அப்போது நடுச்சந்தில் மேலேயும், அடியில் முன்மூலையிலும் இடிக்கும். சாய்ந்த கதவுக்கு மிச்சமிருந்த இடைவெளியை மழை ஈரம் தின்றிருக்கும், அவ்வளவுதான். நிலையிலும் வாசற்படியிலும் இடது கதவின் ஓரத்திலும் சாக்பீஸ் தேய்த்து, வலது கதவை நாலு தடவை சாத்தித் திறங்கள், எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் இடி. அதுவரை இழைப்புளியைத் தொட விடாதீர்கள். தலை, அடி பாலிஷெல்லாம் மழை விட்டு மரம் காய்ந்த பிறகு, இப்போது போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி.

குடியாத்தம்_பேரன்
குடுமிதான் அண்ணே. சாக்பீஸ் மேல் ஓரத்திலும் கீழே முன்மூலையிலும் ஒட்டியது. ஆசாரி மேல்குழியில் பித்தளை வளையம் இறக்கினார், இப்போது ஒரு விரலால் சாத்துகிறது. நன்றி.

நிலைவாசல்
என்ன மரம் என்று ஆசாரியிடம் கேட்டீர்களா?

நிலைவாசல்
தம்பி?