அம்ப்ரெல்லா பேஸ்லிப்: பில் 1500 பவுண்டு, கைக்கு வந்தது 857

ரெடிங்_கோவைப்பொண்ணு

வணக்கங்க. யூகேல ரெடிங்ல இருக்கேன், டிபெண்டன்ட் விசா. இவ்வளவு நாள் பெர்மனன்ட் வேலை. இப்பதான் முதல் கான்ட்ராக்ட்: டேட்டா அனலிஸ்ட், இன்சைட் ஐஆர்35 (அதாவது சம்பளக்காரங்க மாதிரியே வரி பிடிக்கிற கான்ட்ராக்ட்). ஏஜென்சிக்காரர் நாளுக்கு 300 பவுண்டுன்னு பேசினார். அம்ப்ரெல்லா (ஏஜென்சிகிட்ட காசை வாங்கி நமக்குச் சம்பளமா தர்ற கம்பெனி) வழியாத்தான் வரணும்னு சொல்லிட்டாங்க. முதல் வார பேஸ்லிப் அப்படியே கீழ:

ஏஜென்சிகிட்ட இருந்து வந்தது: 1500.00
மார்ஜின் (அம்ப்ரெல்லாவோட கட்டணம்): 20.00
எம்ப்ளாயர் என்ஐ (நேஷனல் இன்சூரன்ஸ்): 179.68
அப்ரென்டிஸ்ஷிப் லெவி (தொழிற்பயிற்சிக்கு முதலாளி கட்டற வரி): 6.47
கிராஸ்: 1293.85 (பேசிக் 1154.50, ஹாலிடே பே 139.35)
டாக்ஸ்: 372.20
எம்ப்ளாயி என்ஐ: 64.54
நெட்: 857.11

பென்ஷன் மூணு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பமாம். எம்ப்ளாயர் என்ஐன்னு பேர்லயே எம்ப்ளாயர் இருக்கு, அதை ஏங்க என் காசுல எடுக்கறாங்க? என் டீம்லயே ஒருத்தங்க, இதே ரேட், வேற அம்ப்ரெல்லா. அவங்களுக்கு 950க்கு மேல வருதாம். எங்கிட்ட அடிச்சுத் தின்கறாங்களோன்னு இருக்கு. டாக்ஸ் கோட் இடத்துல 0டி டபிள்யூ1ன்னு போட்டிருக்கு. பழைய கம்பெனி இன்னும் பி45 (வேலை விடும்போது தர்ற சம்பளம், வரி விவரத் தாள்) அனுப்பல, அதனால எதுவும் குடுக்கல.

ஹாரோ_அண்ணன்

தங்கச்சி, களவு ஒண்டும் இல்லை. நான் பே-ரோல் வேலைதான் செய்யிறன், உங்கட கணக்கைப் போட்டுப் பார்த்தன். பென்னி பிசகாமல் வருது. பிழை இருக்கிறது கடைசியில நீங்கள் சொன்ன அந்த டாக்ஸ் கோட்டில.

0டி எண்டால் வரியில்லாத பங்கு உங்களுக்குச் சுழியம். பெரும்பாலான ஆக்களுக்கு வருசம் 12,570 பவுண்டு வரியில்லாமல் கிடைக்கும், கிழமைக்கு ஏறக்குறைய 242. பி45உம் இல்லை, ஸ்டார்ட்டர் செக்லிஸ்டும் (புது வேலையில நிரப்பிக் குடுக்கிற படிவம்) இல்லை எண்டால் அம்ப்ரெல்லா 0டிதான் போடவேணும், அவைக்கு வேற வழியில்லை. டபிள்யூ1 எண்டால் ஒவ்வொரு கிழமையையும் தனியாப் பார்க்கிறது. முதல் 725க்கு 20 வீதம், மிச்சத்துக்கு 40 வீதம். நீங்கள் 40க்குள்ள போயிட்டீங்கள், அதால அந்த 242க்கும் 40 வீதம் வெட்டியாச்சு. கிட்டத்தட்ட 97 பவுண்டு. அதை 857ஓட கூட்டிப் பாருங்கோ, 954. உங்கட சிநேகிதிக்கு வாற காசு அதுதான்.

இண்டைக்கே ஸ்டார்ட்டர் செக்லிஸ்டை நிரப்பி அனுப்புங்கோ. ஏப்ரல் 6க்குப் பிறகு வேற வேலை செய்தனான், இப்ப அது இல்லை எண்ட பி கூற்றைத் தெரிவு செய்யுங்கோ. அந்த 12,570 பங்கைத் தாற 1257எல் டபிள்யூ1 கோட்டுக்கு மாத்துவினம்.

இனி எம்ப்ளாயர் என்ஐ. ஆர் வந்தாலும் இதைத்தான் முதல் கேக்கினம், கோவமும் நியாயம்தான். 300 உங்கட சம்பளம் இல்லை. ஏஜென்சி அம்ப்ரெல்லாவுக்குக் குடுக்கிற காசு அது. உங்கட முதலாளி அம்ப்ரெல்லா. முதலாளி கட்டவேண்டியதை அவை அந்த 1500க்குள்ள இருந்துதான் கட்டினம், வேற வருமானம் அவைக்கு இல்லை. மிஞ்சுறதுதான் உங்கட கிராஸ். கல்குலேட்டரில அடிச்சுப் பாருங்கோ: 1293.85இல 96ஐக் கழிச்சு, 15 வீதம். 179.68 வரும். 2025 ஏப்ரலுக்கு முன்னம் 13.8 வீதம், அதுவும் கிழமைக்கு 175க்கு மேலதான். அதால பழைய ஆக்கள் சொல்லுற கணக்கை வச்சு ஒப்பிடாதேங்கோ.

ஒண்டை மட்டும் வடிவாப் பாருங்கோ. பேஸ்லிப்பில எம்ப்ளாயர் என்ஐ கிராஸுக்கு மேல இருக்கோ, கீழ இருக்கோ? கிராஸ் போட்ட பிறகு எம்ப்ளாயர் என்ஐயைச் சம்பளத்தில இருந்து கழிச்சால் அது சட்டவிரோதம். உங்களுக்கு மேலதான் இருக்கு.

என்ர கோவம் ஏஜென்சியில. 2020 ஏப்ரலில இருந்து, கையெழுத்துக்கு முன்னமே கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் எண்டு ஒரு தாள் தரவேணும். 1500 எப்பிடி 954 ஆகும் எண்டு உதாரணக் கணக்கோட அதில இருக்கும். அனேகமா நாற்பது இணைப்புக்குள்ள ஒண்டா அனுப்பியிருப்பினம். தேடிப் பாருங்கோ.

கிராய்டன்_சரவணன்

அண்ணன் சொன்னது சரி. ஹாலிடே பே பத்தி ஒரு வார்த்தை. அந்த 139.35 போனஸ் இல்ல மேடம். வருஷத்துக்கு 5.6 வாரம் லீவு, மீதி 46.4 வாரம் வேலை, வகுத்தா 12.07 சதவீதம். கிராஸையே ரெண்டா பிரிச்சுக் காட்டறாங்க, அவ்வளவுதான். லீவு எடுக்கிற வாரம் அக்கவுன்ட்ல எதுவும் வராது, டிசம்பர்ல ஊருக்குப் போற மாதிரி இருந்தா இப்பவே எடுத்து வெச்சிடுங்க.

வாரா வாரம் குடுக்கிறது ஒரு வகை, உங்களுக்கு அதுதான். சில கம்பெனி அதைப் பிடிச்சு வெச்சு லீவு எடுக்கும்போது குடுப்பாங்க. அதுல லீவு வருஷம் முடியறதுக்குள்ள கேட்டு வாங்கலன்னா காசு போச்சுன்னு கான்ட்ராக்ட்ல ஒரு வரி இருக்கும்.

அப்புறம் பென்ஷன். மூணு மாசம் கழிச்சு எம்ப்ளாயரோட 3 சதவீதமும் அதே 1500ல இருந்துதான் போகும், வாரம் 25 பவுண்டு சொச்சம். அப்ப மறுபடியும் பதறாதீங்க. 40 சதவீதத்துல இருக்கீங்கல்ல, சேலரி சாக்ரிஃபைஸ் (சம்பளத்துல ஒரு பங்கை விட்டுட்டு அதை நேரா பென்ஷன்ல போடறது) தர்றாங்களான்னு கேளுங்க. எம்ப்ளாயர் என்ஐயும் சேர்ந்து மிச்சமாகும்.

ஸ்லவ்_ராஜா

எதுக்கு இவ்ளோ கணக்கு? எனக்கு ஒரு கம்பெனி 85 பர்சன்ட் கைக்குத் தர்றான். நம்பர் வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.

ஹாரோ_அண்ணன்

தம்பி, உங்கட பேஸ்லிப்பில சம்பளம் எண்டு எவ்வளவு, கடன், அட்வான்ஸ் எண்டு தனியா எவ்வளவு எண்டு பாருங்கோ. குறைஞ்ச சம்பளத்துக்கு மட்டும் வரி கட்டி, மிச்சத்தைக் கடன் எண்டு போட்டால்தான் இந்த ரேட்டில 85 வீதம் வரும். இப்பிடிக் கடனாக் காசு வாங்கின ஆக்களைத்தான் 2019இல லோன் சார்ஜ் எண்ட வரி பிடிச்சது. கம்பெனி மூடிப்போட்டுப் போனாலும் எச்எம்ஆர்சி, அதாவது வரித் திணைக்களம், உங்களிட்டயும் வரலாம். எச்எம்ஆர்சியின்ர சைட்டில வரி தவிர்ப்புத் திட்டங்களின்ர பேர்ப்பட்டியல் இருக்கு, உங்கட கம்பெனி அதில இருக்கோ எண்டு பாருங்கோ. பேர் இல்லாட்டியும் பாதுகாப்பு எண்டில்லை.

தங்கச்சி, இன்பாக்ஸ் பக்கம் போகாதேங்கோ.

ரெடிங்_கோவைப்பொண்ணு

போகலைங்ண்ணா. செக்லிஸ்ட் அனுப்பியாச்சு, அடுத்த வாரத்துல இருந்து 1257எல் டபிள்யூ1ன்னு மெயில் வந்துது. அந்தத் தாளும் கிடைச்சுது, நீங்க சொன்ன மாதிரியே இணைப்புக் குவியலுக்குள்ள. முதல் வாரம் கூடப் பிடிச்ச 97 திரும்ப வருமுங்களா?

ஹாரோ_அண்ணன்

வரும், ஆனா இந்தக் கோட்டில வராது. டபிள்யூ1 பழைய கிழமையைத் திரும்பிப் பார்க்காது. பி45 வந்த உடன அம்ப்ரெல்லாவுக்குக் குடுங்கோ. எச்எம்ஆர்சி ஆப்பில உள்ள போய், இப்ப இந்த வேலைதான் எண்டு சரியாக் காட்டுதோ பாருங்கோ, பழைய வேலை திறந்து கிடந்தால் மூடச் சொல்லுங்கோ. டபிள்யூ1 இல்லாத வெறும் 1257எல் வந்த கிழமை, கூடப் பிடிச்சது சம்பளத்தோடயே சேர்ந்து வரும்.