புதுப்பிப்பு: ஒரே டேப்லெட், மூன்றாம் வகுப்பு, டிஜிட்டல் கதை

பிள்ளைகள் தாங்களே டிஜிட்டல் கதை செய்ய எந்த ஆப் சரிவரும், கையில் இருப்பது ஒரே டேப்லெட் என்று கேட்டிருந்தேன். பலர் ஸ்கிராட்ச் ஜூனியர் என்றீர்கள். அதைத்தான் எடுத்தோம்.

இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். திரையில் படக் கட்டைகளைக் கோத்தாலே பாத்திரம் நடக்கும், குதிக்கும். அதனால் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் ஒதுங்கி நிற்பதில்லை. ஒரு கதைக்கு நான்கு பக்கங்கள்தான் என்பது எனக்குப் பிடித்துவிட்டது. "அப்புறம், அப்புறம்" என்று நீளும் கதையை எங்கே நிறுத்துவது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்கிறார்கள்.

ஒரு குழு டேப்லெட்டில் இருக்கும்போது மற்றவர்கள் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டு, கதையை வரைந்து தயாராகிறார்கள். காணாமல் போன ஆட்டின் கதையில் ஆட்டுக்கு ஐந்து கால் இருந்தது. கேட்டால், "அது வால், டீச்சர்!"

குரல் பதிவுதான் பெரும்பாடு. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வதெல்லாம் சேர்ந்து விழுகிறது. இப்போது சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் போய்ப் பதிகிறோம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தன் "மே..." சரியில்லை என்று திரும்பத் திரும்பப் பதிந்தாள்.

ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தைச் சொன்னவர்களுக்கும் நன்றி. தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. வாசிக்க அதையே வைத்துக்கொண்டோம். பெற்றோருக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டவருக்கு: திரையைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன், போதுமானதாக இருக்கிறது.