உயுனி உப்புவெளிக்கு மார்ச்சில் போக எந்தப் பாதை நல்லது?

வணக்கம். மார்ச் இரண்டாம் வாரம் பொலிவியாவின் உயுனிக்கு நான்கு பேர் போகிறோம். போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வானம் அப்படியே தரையில் தெரியும் காட்சிக்காகத்தான் இந்தப் பயணம். அதற்கு உப்பின் மேல் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். காற்றடித்தால் பிம்பம் கலைந்துவிடும். தண்ணீர் அதிகமானால் கள்ளிச்செடிகள் நிறைந்த இன்காவாசி தீவுக்கு வண்டி போகாது. மார்ச் நடுவில் ஓரங்களிலாவது தண்ணீர் நிற்குமா?

பெரிய குழப்பம் பாதையில்தான். சிலியின் சான் பெத்ரோ தெ அத்தகாமா சுமார் 2,400 மீட்டர் உயரம். அங்கிருந்து மூன்று நாள் ஜீப் பயணம் கிளம்பினால், முதல் நாளே சோல் தெ மஞ்ஞானா வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 4,800 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. இரவுத் தங்கலும் பெரும்பாலும் 4,000க்கு மேல். உடம்பு பழகாமல் அவ்வளவு உயரத்தில் தூங்குவதுதான் ஆபத்து. பொலிவியாவின் லா பாஸ் நகர் வழியாக வந்தால் 3,600 மீட்டரிலேயே மூன்று நாள் தங்கிப் பழகலாம். உயுனியும் (3,656) கிட்டத்தட்ட அதே உயரம். 62 வயது அம்மாவும் வருவதால் லா பாஸ்தான் சரியென்று தோன்றுகிறது. பெரியவர்களோடு போனவர்கள் எத்தனை நாள் தங்கினீர்கள்?

இன்னொன்று: உப்புத்தண்ணீருக்கான ரப்பர் பூட்ஸ் அங்கேயே தருவார்களா, கொண்டுபோக வேண்டுமா? கேமரா முக்காலியின் கால்களை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு படிந்து இறுகிவிடும் என்பதால், தங்குமிடத்தில் தண்ணீர் வசதி எப்படி என்பதையும் சொல்லுங்கள்.