கூரை ஹேட்ச் ஓரம் துரு, உள்ளே ஈரம்: கேம்பர்வேன் வாரண்டி யார் பொறுப்பு?

ஹொரமாவு வேன்காரன்:
பெங்களூர்லயே பாடி பில்டர் கட்டின கேம்பர்வேன் (உள்ளேயே தூங்கித் தங்கற வண்டி). டெலிவரி எடுத்து 11 மாசம். பாடி வாரண்டி 12 மாசம், சேஸி கம்பெனி (வேனைத் தயாரிச்சவங்க) வாரண்டி தனி. கூரை ஹேட்சை (பில்டர் கூரையை வெட்டி வெச்ச திறப்பு மூடி) சுத்தி பெயிண்ட் கொப்பளிச்சு துரு தெரியுது. உள்ளே சீலிங் ப்ளைவுட் ஒரு ஓரம் ஊதியிருக்கு. பில்டர் "தகடு கம்பெனியோடது, அங்க கேளுங்க"ங்கறார். டீலர் "கூரையை வெட்டினது நாங்க இல்லையே"ங்கறார். எல்லாம் போன்லதான். மழை ஆரம்பிச்சாச்சு, இப்போதைக்கு சிலிக்கான் அடிச்சு விடலாமா?

டிங்கர் பீன்யா:
சிலிக்கான் வேண்டவே வேண்டாம் சார். "கஸ்டமரே கை வெச்சுட்டார்"னு தட்டிக் கழிக்க நீங்களே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அது பட்ட இடத்துல அப்புறம் பெயிண்டும் ஒட்டாது, வேற சீலண்டும் ஒட்டாது. தார்ப்பாய் கட்டி வையுங்க.

துரு எங்கே தொடங்குதுன்னு பாருங்க. தகடு கம்பெனியிலேருந்து ப்ரைமர் (அடிப்பூச்சு), பெயிண்ட் ஏறித்தான் வருது. வெட்டின விளிம்பு மட்டும் வெறும் இரும்பா நிக்கும். பிசிறை ராவி எபாக்சி ப்ரைமர் அடிக்காம ஹேட்சை உக்கார வெச்சா, துரு அங்கேருந்து பெயிண்டுக்கு அடியில ஊர்ந்து வரும். கொப்புளம் ஹேட்சை ஒட்டி நெருக்கமா இருந்து, தள்ளிப் போகப் போகக் குறைஞ்சா அது வெட்டினவர் வேலை. புள்ளி புள்ளியா இருந்தா, கிரைண்டர்ல பறந்த பொறி பெயிண்ட்ல பதிஞ்சிருக்கும். அதுவும் பில்டர் கணக்குதான். ஹேட்சுக்குச் சம்பந்தமில்லாத ஜாயிண்ட்ல துருன்னா சேஸி கம்பெனியைக் கேளுங்க.

ஒழுகலுக்கு பைப்ல தண்ணி விட்டுப் பாருங்க. கீழேருந்து மேலே: ஜன்னல் ஓரம், கூரை ஓரம், கடைசியா ஹேட்ச். ஒவ்வொரு இடத்துக்கும் 10 நிமிஷம். உள்ளே ஒருத்தர் டார்ச்சோட வீடியோ எடுக்கட்டும். ப்ரஷர் வாஷர் கூடாது, நல்ல சீலையும் பிரிச்சிடும். கறை இருக்கிற இடம்தான் ஓட்டைன்னு நினைச்சிடாதீங்க; இன்சுலேஷன் மேலே ஓடி தண்ணி எங்கேயோ இறங்கும்.

சிவாஜிநகர் காகிதப்புலி:
அவர் சொன்னது வண்டிக்கு. இது காகிதத்துக்கு. இன்னைக்கே ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் போடுங்க: சேஸி நம்பர், டெலிவரி தேதி, கிலோமீட்டர், முதல்ல பார்த்த தேதி, போட்டோ, வீடியோ. கூடவே ஸ்பீட் போஸ்ட்ல ஒரு பிரதி. 12 மாசம் முடியறதுக்குள்ள புகார் எழுத்துல பதிவாகணும், அதுதான் முக்கியம். வண்டியை ஒர்க்‌ஷாப்ல விட்டா ஜாப் கார்டுல (வேலைச் சீட்டு) "ஹேட்ச் ஓரம் துரு, கூரை ஒழுகல்"னே எழுதச் சொல்லுங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்து போடாதீங்க.

"அது ஒழுகல் இல்ல, ராத்திரி மூச்சுக்காத்து குளிர்ந்த ஈரம்"னு ஒரு பதில் கட்டாயம் வரும். யாரும் தூங்காத ராத்திரி மழைக்கு அப்புறம் எடுத்த போட்டோ கையில இருந்தா அந்தப் பேச்சு எடுபடாது.

பதிலே இல்லைன்னா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் அங்கேதான். நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், கெடு 2 வருஷம். வண்டியை வாடகைக்கு விடறீங்களா? வண்டிக்கும் பாடி வேலைக்கும் சேர்த்து பில் ஒண்ணா, ரெண்டா?

ஹொரமாவு வேன்காரன்:
சொந்த உபயோகம்தான். பில் ரெண்டு.

சிவாஜிநகர் காகிதப்புலி:
நல்லது. வியாபாரத்துக்குன்னா நுகர்வோரே இல்லைன்னு வாதாடுவாங்க. பில் ரெண்டுங்கறதால ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேர்த்துடுங்க. யார் தப்புன்னு அவங்க அங்கே வந்து சொல்லிக்கட்டும்.

டிங்கர் பீன்யா:
பில்டர் ஒத்துக்கிட்டாலும் "மேலே சீலண்ட் அடிச்சுத் தர்றோம்"னா சம்மதிக்காதீங்க. அடுத்த மழைக்கு அதே கதை. ஹேட்சை முழுசா கழட்டணும். பழைய சீலண்டை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டி எடுக்கணும். கொப்புளத்துக்கு வெளியேயும் தேய்ச்சு, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச அப்புறம் விளிம்பு உட்பட எபாக்சி ப்ரைமர், பெயிண்ட். பெயிண்ட் நல்லா இறுகினதும் ஃப்ளாஞ்சுக்கு (ஹேட்சோட விளிம்புப் பட்டை) அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் பட்டை), ஸ்க்ரூவை எதிரெதிரா கையால முறுக்கணும். டிரில்லால முறுக்கினா ஒரு பக்கம் டேப் நசுங்கி வெளியே போயிடும், மறுபக்கம் இடைவெளி. ஊதின ப்ளைவுட் காய்ஞ்சாலும் பழையபடி ஆகாது. மாத்தும்போது ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மரைன் ப்ளை கேளுங்க. நனைஞ்ச இன்சுலேஷனையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க, அதைத்தான் விட்டுடுவாங்க. சீலிங்கைப் போட்டு மூடறதுக்கு முன்னாடி உங்க எதிர்ல தண்ணி டெஸ்ட்.