ராணி அறைச் சுரங்கவழி: ரோபோ ஏன் இரண்டாவது கல்லோடு நின்றுவிட்டது?

நெடுநாள்_வாசகன்:
எகிப்தின் கீசாவில் பண்டைய மன்னர் குஃபுவின் பெரிய பிரமிடில் ராணி அறை என்று சொல்கிறார்களே, அதிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் இரண்டு குறுகிய சுரங்கவழிகள் மேலே ஏறுகின்றன. அகலமும் உயரமும் 20 செ.மீ. அளவுதான். 1993-இல் ருடால்ஃப் கான்டன்பிரிங்க் அனுப்பிய உபுவாட்-2 ரோபோ, தெற்கு வழியில் சுமார் 60 மீட்டர் ஏறி, இரண்டு செம்பு ஊசிகள் பதித்த கல் ஒன்றின் முன் நின்றது. 2002-இல் அந்தக் கல்லில் துளையிட்டுப் பார்த்தால், பின்னால் இன்னொரு கல்! செவ்வாயில் வண்டி ஓட்டுகிற காலத்தில் இந்த இரண்டாவது கல்லைத் தாண்ட முடியவில்லையா, இல்லை விடவில்லையா?

குழாய்க்கேமரா:
நிலத்தடிக் குழாய்களுக்குள் கேமரா வண்டி ஓட்டுவது என் தொழில். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

முதல் தொல்லை கேபிள். அத்தனை கல்லை ரேடியோ அலை கடக்காது. எனவே மின்சாரமும் படமும் கம்பி வழியாகத்தான் போகவேண்டும். ரோபோ மேலே ஏற ஏற அது இழுக்கும் கேபிளின் எடை கூடிக்கொண்டே போகும். சரிவு ஏறக்குறைய 40 டிகிரி. தரையில் சுண்ணாம்புத் தூசி இருந்தால் பிடிமானமும் குறையும். உபுவாட்-2 கீழே மட்டுமல்ல, மேலேயும் சங்கிலிப்பட்டை வைத்து, தரைக்கும் கூரைக்கும் நடுவே தன்னை இறுக்கிக்கொண்டு ஏறியது. வடக்கு வழி இன்னும் மோசம். பெரிய கூடத்தை, அதாவது பிரமிடுக்குள் மேலேறும் உயரமான நடைவழியை, சுற்றிப் போக அது வளைகிறது. வளைவு வந்தால் கேபிள் உராய்வு எகிறிவிடும். போதாக்குறைக்கு, முன்பு ஆராய வந்தவர்கள் விட்டுப்போன இரும்புக் கம்பியும் அங்கே சிக்கிக் கிடந்தது.

அப்புறம் துளையிடுவது. டிரில்லைக் கல்லில் அழுத்தினால் கல் திருப்பித் தள்ளும், வண்டி சரிவில் பின்னால் நழுவப் பார்க்கும். பக்கச் சுவரில் ஊன்றித்தான் நிற்க வேண்டும், அந்தச் சுவரோ 4,500 ஆண்டுப் பழமையானது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அழிக்க முடியாது.

ஆகவே முடியாது என்பதில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஜெடி ரோபோ, 2002-இல் போட்ட அதே துளைக்குள் பாம்பு போல வளையும் மெல்லிய கேமராவை நுழைத்தது. புதிதாக எதையும் உடைக்காமல் முதல் கல்லின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். 2011-இல் எகிப்தில் புரட்சி வந்தபின் அந்த வேலை தொடரவில்லை. என்னைக் கேட்டால், உபுவாட்டைவிட ஜெடிதான் பெரிய சாதனை.

செங்காவி:
அந்தப் பின்பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். இரண்டு கற்களுக்கும் நடுவே 20 செ.மீ. இடைவெளிதான். அதன் தரையில் செங்காவியில் எழுதிய குறிகள் இருக்கின்றன! மன்னர் அறைக்கு மேலுள்ள சிறு அறைகளில் கட்டுமானக் குழுக்கள் குஃபுவின் பெயரோடு எழுதி வைத்ததும் இதே செங்காவியில்தான். செம்பு ஊசிகளின் பின்முனை சிறு வளையமாக வளைந்திருக்கிறது. அலங்காரமா, எதையாவது கட்டவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. புதையல் அறை தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகளே போதும், அவை வேலை செய்தவர்களின் கையெழுத்து.

நெடுநாள்_வாசகன்:
இருவருக்கும் நன்றி. 2017-இல், வானிலிருந்து வந்து கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களை வைத்துப் பெரிய கூடத்துக்கு மேலே 30 மீட்டர் நீள வெற்றிடம் இருப்பதாகச் சொன்னார்களே, அங்கே ரோபோ போகுமா?

குழாய்க்கேமரா:
போக வழி ஏதும் தெரியவில்லை என்பதே சிக்கல். மியூவான் காட்டுவது அடர்த்தி குறைந்த இடத்தை மட்டும்தான். வடக்கு முகப்பில் கதை வேறு. அங்கே 9 மீட்டர் நீளத் தாழ்வாரம் ஒன்று கல் இடுக்குக்குப் பின்னாலேயே இருந்தது, 6 மி.மீ. எண்டோஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமராவை) நுழைத்து 2023-இல் படம் காட்டினார்கள். பெரிய வெற்றிடத்துக்கு அப்படி இடுக்கு இல்லை. துளையிட்டால் பல மீட்டர் கல்லைக் குடைய வேண்டும், எனக்கு அதில் சம்மதமில்லை.

செங்காவி:
எனக்கும் இல்லை. அடுத்த ரோபோ வடக்கு வழிக்குப் போகட்டும். 1872-இல் பொறியாளர் டிக்சன் இந்தச் சுரங்கவழிகளைக் கண்டபோது கிடைத்த தேவதாரு மரத்துண்டு, ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஒரு சுருட்டு டப்பாவில் அகப்பட்டதாக 2020-இல் அறிவித்தார்கள். கார்பன் கணக்கில் அது கி.மு. 3341–3094, குஃபுவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. வடக்கு வழியில் இன்னொரு மரக்கோல் கான்டன்பிரிங்கின் கேமராவில் தெரிந்தது. அதையும் கார்பன் சோதனைக்கு உட்படுத்தினால், பழைய மரத்தை எடுத்துப் பயன்படுத்தினார்களா என்பது தெளிவாகும். வளைவைத் தாண்டி ஒரு துணுக்கை மட்டும் பெயர்த்து வர முடியுமா, குழாய்க்கேமரா?

குழாய்க்கேமரா:
துணுக்கு என்றால் முடியும். கோலை நகர்த்தாமல் நுனியிலிருந்து கிள்ளி எடுக்கும் சிறு இடுக்கி போதும்.