சேர்க்கை விகிதம் 100-ஐத் தாண்டுமா?

கேள்வி: வளரும் நாடுகளின் இடைநிலைக் கல்விச் சேர்க்கையை 1970 முதல் வரைபடமாக்குகிறேன். சில நாடுகளில் மொத்தச் சேர்க்கை விகிதம் 100-ஐத் தாண்டுகிறதே, தரவுப் பிழையா?

பதில் 1: பிழையில்லை. விகிதத்தின் தொகுதியில் (மேல் எண்) எல்லா வயது மாணவர்களும் வருவார்கள்; பகுதியில் (கீழ் எண்) மக்கள்தொகையில் உரிய வயதினர் மட்டுமே. தாமதமாகச் சேர்ந்தவர்களும் ஃபெயிலாகி அதே வகுப்பில் இருப்பவர்களும் விகிதத்தை ஏற்றிவிடுவார்கள். உரிய வயது மாணவர்களை மட்டும் எண்ணும் நிகர விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதில் 2: அதைவிடப் பெரிய தலைவலி வகுப்பு எல்லை. இந்திய அரசின் பழைய கணக்கில் 9, 10 மட்டும்தான் இடைநிலை. யுனெஸ்கோ கணக்கில் 6 முதல் 12 வரை. இரண்டையும் ஒட்டினால் கோடு நடுவில் முறியும். ஒரே மூலத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: விடுபட்ட ஆண்டுகளை நேர்கோட்டால் நிரப்பாதீர்கள். கானா 2017-இல் மேல்நிலைப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது; அதுபோன்ற திடீர் தாவல்கள் மறைந்துபோகும். இன்னொன்று, இது வெறும் தலை எண்ணிக்கை. பாதியில் நின்றவர்கள் இதில் தெரியமாட்டார்கள்.